முகாமில் விடியும் பண்டிகை: பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புயல், வெள்ள நிவாரண முகாம் நடத்தும் மதிப்பிற்குரிய வட்டாட்சியர்களுக்கும், கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடும் தலைமையாசிரியர்களுக்கும், ராப்பகலாக ஓடும் இளைஞர் மன்றத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை பண்டிகை பார்த்துப் பெய்வதில்லை. 2015இல் தீபாவளிக்கு முதல் நாளான நவம்பர் 9 அன்று கடலூர் மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது; இரண்டே வாரத்தில் பொங்கல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தது. அடுத்த வாரம் கார்த்திகை தீபம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருக்கும்போதே கிறிஸ்துமஸ் வந்தது. ஆகவே, முகாம் நடத்துகிறவர்கள் என்றைக்காவது ஒரு பண்டிகை நாளையும் சேர்த்து நடத்தித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

அன்றைக்கு வழக்கமாக என்ன நடக்கிறது? சாமியானா போடுகிறார்கள், மைக் கட்டுகிறார்கள். இனிப்பு டப்பா வருகிறது, மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கப்படுகிறது. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பத்து நாளாக வரிசையில் நின்றவர்களைப் பண்டிகையன்றும் வரிசையில் நிறுத்துவது எந்த வகையில் பண்டிகை? அந்தச் செலவை வெந்நீருக்கும் ஒரு பெரிய அடுப்புக்கும் திருப்பிவிடுங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் எண்ணெய்க் குளியல். தீபாவளியன்று காலையில் தலையில் எண்ணெய் வைக்காவிட்டால் எந்த வீட்டிலும் அது தீபாவளி இல்லை. நூறு பேருக்கு ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு கிலோ சீயக்காய்த் தூள் போதும். குழந்தைகளுக்கு ஷாம்பு பாக்கெட் கொடுத்துவிடலாம். கண் எரிகிறது என்ற அழுகை குறையும். கஷ்டம் தண்ணீரில்தான். ஓர் ஆளுக்கு ஐந்து லிட்டர் கொதிநீர், அதில் கலக்கப் பதினைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் என்று வைத்தால் நூறு பேருக்கு 2,000 லிட்டர். குடிநீர் லாரிக் கணக்கில் இது இருக்காது. முதல் நாளே தனியாகச் சொல்லி, குளோரின் போட்ட தண்ணீராக வாங்குங்கள். வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

ஈர விறகை நம்பினால் புகைதான் மிஞ்சும். 19 கிலோ வணிக சிலிண்டரில் பாதிக்குள் நூறு பேருக்கான ஐந்நூறு லிட்டரும் கொதித்துவிடும். இரண்டு பெரிய பர்னர் இருந்தால் அதிகாலை மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் முடிக்கலாம். ஒன்றுதான் என்றால் பத்து மணி ஆகிவிடும், அதற்குள் பாதிப் பேர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், கொதிநீர் பிறகுதான். இதை மாற்றிச் செய்தால் குழந்தை வந்து கையை விட்டுவிடும். அண்டாவிலிருந்து மொண்டு ஊற்ற இரண்டு பெரியவர்களை நிறுத்துங்கள். கொதிநீரைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்கக் கூடாது. எண்ணெய் சிந்திய டைல்ஸ் தரையில் வயதானவர்கள் வழுக்கி விழுவது சர்வசாதாரணம், கோணிச்சாக்கு விரித்தால் தப்பிக்கலாம்.

பெண்களுக்கான மறைப்பில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, இருட்டாக இருக்கிறதே என்று உள்ளே பல்பு போட்டுவிடுகிறார்கள். விடியாத நேரத்தில் உள்ளே இருப்பவரின் நிழல் முழுதாகத் தார்ப்பாயில் விழும். விளக்கை வெளியே, தலைக்கு மேலே உயரத்தில் கட்டுங்கள். தார்ப்பாயை இரட்டையாக மடித்துப் போடுங்கள். வெளியில் ஒரு பெண் காவலர் அல்லது அங்கன்வாடி அக்கா நிற்பது நல்லது.

காய்ச்சல் உள்ளவர்கள், காலில் திறந்த புண் உள்ளவர்கள் குளிக்க வேண்டாம், வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொள்ளட்டும். சேற்றுப்புண்ணுக்கு எண்ணெய் மருந்தாகாது. விரலிடுக்கை உலரத் துடைப்பதுதான் முக்கியம். எலிக்காய்ச்சல் மாத்திரை யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவ முகாமில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும்.

துணி விஷயம் சுருக்கமாக. புதுச்சேலை மூட்டை மூட்டையாக வருகிறது. பாவாடையும் ஜாக்கெட்டும் வருவதில்லை. சேலையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பழைய ஈர நைட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ரெடிமேட் பாவாடை, நைட்டி, கைலி, எல்லா அளவிலும் உள்ளாடை, நாப்கின்: நன்கொடை தர வருகிறவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும், கூச்சப்படாமல்.

இனி அடுப்படி. நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் மூன்று கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ பாசிப்பருப்பு, நாலரை கிலோ வெல்லம், முக்கால் கிலோ நெய், முந்திரியும் திராட்சையும் கால் கிலோ வீதம், ஏலக்காய் 25 கிராம். பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவி, பதினெட்டு லிட்டர் தண்ணீரில் போடுங்கள். புது அரிசி என்றால் இரண்டு லிட்டர் குறையுங்கள். பாத்திரம் நாற்பது லிட்டர் பிடிப்பதாக, அடி கனத்ததாக இருக்க வேண்டும்.

அரிசி விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதற்கு முன் வெல்லத்தைக் கொட்டினால் எத்தனை மணி நேரம் கிளறினாலும் வேகாது. முகாம் பொங்கல் நறநறவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெல்லத்தை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இல்லாத வெல்லம் கிடைப்பது அரிது. பால் ஊற்றுவதானால் வெல்லத்துக்கு முன்பே ஊற்றி வேகவிடுங்கள், பிறகு ஊற்றினால் திரிந்துவிடும். அடி பிடித்துவிட்டதா? சுரண்டாதீர்கள். மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். பரிமாறும்போது இறுகியிருந்தால் அரை லிட்டர் வெந்நீர் விட்டுத் தளர்த்தலாம்.

வெல்லம் சேர்க்கும் முன் பத்துப் பதினைந்து கரண்டி தனியே எடுத்து, மிளகு சீரகம் தாளித்து வெண்பொங்கலாக்கி வையுங்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு. அதுவும் அரிசிதான், அளவோடுதான் தர வேண்டும். ஆனாலும் எல்லோரும் சாப்பிடும்போது வெறும் இலையோடு ஒருவரும் உட்கார வேண்டியிருக்காது.

‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல ஒரு சின்னப் பானையைத் தனியாக வையுங்கள். நாற்பது லிட்டர் அண்டா பொங்கி வழிந்தால் பர்னர் அணைந்து கேஸ் கசியும். புது மண்பானை என்றால் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறட்டும், இல்லையேல் தீயில் விரிசல் விடும்.

இந்தச் சமையலை ஒப்பந்தக்காரரிடம் விடாதீர்கள் என்பதுதான் எங்கள் முக்கியமான கோரிக்கை. அவர் ஓரமாக நின்று தீயைப் பார்த்துக்கொள்ளட்டும். முகாமில் இருக்கும் அக்காமார் அரிசி களையட்டும், அண்ணன்மார் தண்ணீர் சுமக்கட்டும், ஏலக்காய் தட்டுவதும் முந்திரி உடைப்பதும் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு. வெல்லம் போதுமா என்று நாலு பேர் சண்டை போடுவார்கள். போடட்டும், பல நாளுக்குப் பிறகு வரும் முதல் சாதாரணச் சண்டை அது.

தீபாவளி என்றால் இட்லியும் கறிக்குழம்பும் பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். தினமும் சாம்பார் சாதம் போடும் முகாமில் அதற்கு ஈடில்லை. நூறு பேருக்குப் பத்துக் கிலோ கோழி போதும். அன்று காலையில் வெட்டியதாக வாங்கி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் மிச்சத்தை ராத்திரிக்கு வைப்பது ஆபத்து. கறி சாப்பிடாதவர்களுக்குச் சட்னிப் பாத்திரமும் கரண்டியும் தனி.

நன்றியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைக்கில் ‘நன்றி’ சொல்லச் சொல்லி மக்களை நிறுத்தாதீர்கள். வாங்கிக்கொண்டே இருக்கிற கை கூசிப்போயிருக்கும்; கொடுக்க அதற்கு ஒரு வழி செய்துகொடுங்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 தூத்துக்குடி வெள்ளத்திலும் மீனவர்கள் படகோடு வந்தார்கள். கஜாவுக்குப் பிறகு வெளிமாவட்ட மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். தூய்மைப் பணியாளர்கள் எங்கும் இருக்கிறார்கள், பண்டிகையன்றும் அவர்களுக்கு லீவு இல்லை. பரிமாறத் தொடங்கும் முன் இப்படி உதவுகிறவர்களில் இருபது பேருக்கான பங்கைத் தூக்குவாளிகளில் மூடி எடுத்து வையுங்கள். முகாமில் இருப்பவர்களே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதிகாரிகள் கூடப் போக வேண்டாம், கேமரா வேண்டவே வேண்டாம்.

அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்குப் பண்டிகை கிடையாது. இனிப்பை நீட்டி வற்புறுத்தாதீர்கள்; மைதானத்தைப் பார்க்காத பக்கமாக ஒரு வகுப்பறையை அவர்களுக்கு ஒதுக்கி, சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள். வேறு மதத்தவர் இருந்தால் பூசையைத் தனி இடத்திலும் சாப்பாட்டைப் பொது இடத்திலும் வைத்தால் சங்கடம் வராது. வெடி வேண்டாம். காற்றும் இடியும் கேட்டு மிரண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பி மத்தாப்பு போதும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.

மாட்டுப் பொங்கலுக்கு, தப்பித்த மாடுகளை மேட்டில் கட்டியிருப்பார்கள். பாசத்தில் பொங்கலை வாளிவாளியாக ஊட்டிவிடுவார்கள். சோறு அதிகமானால் அசைபோடும் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும், செத்தும் போகும். ஒரு கைப்பிடி மட்டும், மீதிக்கு வைக்கோல். கால்நடை மருத்துவரை அன்று ஒரு நடை வந்துபோகச் சொல்லுங்கள்.

கடைசியாக, சிலிண்டர், பால், கோழி மூன்றுக்கும் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி, பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பண்டிகையன்று கேஸ் ஏஜென்சி திறக்காது, கருவூலமும் திறக்காது. ரசீது பிறகு வரும்.

இப்படிக்கு,
முகாம் அடுப்படியில் நிற்பவர்கள்