ஆறு வோல்ட் ஹீட்டரும் என் தலைவலியும்

டேய் சேகரு,

திட்டாத. மூணு மாசமா பதில் போடல, தப்புதான். வீட்ல எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப விஷயத்துக்கு வரேன். ஆமாடா, வண்டி விஷயம்தான், பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படி.

நம்ம 1964 பீட்டில் காரை 6 வோல்ட்லேர்ந்து 12 வோல்ட்டுக்கு மாத்தினேன்ல, லைட்டு, வைப்பர் எல்லாம் முடிஞ்சு பெட்ரோலை எரிச்சு வண்டிக்குள்ள சூடாக்குற அந்த எபர்ஸ்பெக்கர் ஹீட்டர் மட்டும் பாக்கி. அது 6 வோல்ட். நேரா 12 குடுத்தா, சிவக்கச் சூடாகி பெட்ரோலைப் பத்த வைக்கிற க்ளோ ப்ளக்ல நாலு மடங்கு வாட்ஸ் ஏறும், பொசுக்குன்னு போயிடும். சரின்னு வோல்டேஜைக் குறைக்கத் தடியா ஒரு ரெசிஸ்டரை மொத்த ஹீட்டருக்கும் சேத்து சீரிஸ்ல போட்டேன். நீ சிரிக்கிறது இங்க கேக்குது.

ஸ்விட்சைப் போட்டா ப்ளக் சிவந்துச்சு, ஃபேன் சுத்துச்சு, பத்திக்கிச்சு, எனக்கு ஒரே குஷி. பத்தினதும் ப்ளக் தானா கட் ஆகும்ல, அங்கதான் மாட்டினேன். கரண்ட் குறைஞ்சதும் ரெசிஸ்டர்ல விழற வோல்டேஜும் குறைஞ்சு மிச்சம் மொத்தமும் ஃபேன் மோட்டார் தலையில! ப்ளேன் கிளம்புற மாதிரி ஊளை. ரெசிஸ்டர் வேற தோசைக்கல்லு கணக்கா கொதிக்குது, பின்ன, ப்ளக் 10 ஆம்பியர் இழுத்தா இது மட்டும் 60 வாட் சும்மா சூடாக்கிட்டு உக்காந்திருக்கும். வாத்தியார் அன்னைக்கே தலையில குட்டினார், நமக்குத்தான் ஏறல.

அப்புறம் 12லேர்ந்து 6க்கு இறக்குற கன்வர்ட்டர் ஒண்ணு வாங்கினேன். அதையும் சாவி லைன்ல குடுக்கப் பாத்தேன், நல்லவேளை யோசிச்சேன். ஹீட்டரை நிறுத்தின அப்புறமும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி சூட்டை வெளிய தள்ளணும், சாவியை எடுத்ததும் அதுவும் நின்னா உள்ளயே வெந்துடும். அதனால பேட்டரிலேர்ந்து நேரா ஃப்யூஸ் வச்சு எடுக்கணும்.

ஆனா கன்வர்ட்டர் இன்னும் டப்பாலயேதான் இருக்கு. வயர் மாத்த ஹீட்டரைக் கழட்டினேன், டார்ச் அடிச்சுப் பாத்தா எரியற அறையோட வெல்டிங் ஓரமா தலைமுடி மாதிரி ஒரு விரிசல், அதைச் சுத்திக் கரி. புகை நேரா வண்டிக்குள்ள வந்திருக்குடா. போன குளிர்ல 6 வோல்ட்லயே ஓட்டினப்ப தினமும் தலைவலின்னு கண்ணாடி கூட மாத்தினேனே, ஞாபகமிருக்கா? பின் சீட்ல பாப்பா தூங்கிட்டு வருவா, எவ்ளோ நல்லா தூங்குறான்னு நானே பெருமையடிச்சேன். அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷ வாயுடா, அதுக்கு வாசனையே கிடையாது. ரெண்டு ராத்திரியா சரியா தூக்கமில்ல.

வோல்டேஜ் கிடக்கட்டும், உன் வண்டிலயும் இதே ஹீட்டர்தான், முதல்ல கழட்டிப் பாரு. அதுவரைக்கும் போடாத, ஸ்வெட்டர் போட்டுக்க. ஞாயித்துக்கிழமை வா, உன் மல்டிமீட்டர் ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கு.

கணேசன்