சென்னைக் கூடைப்பந்துத் தேர்வாளர்களுக்கு ஸ்கோர் மேஜையிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையில் கூடைப்பந்து அணிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். என்னைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், முகம் ஞாபகம் இருக்காது. நடுக்கோட்டுக்கு நேராகப் போட்ட மேஜையில், டைம்கீப்பருக்குப் பக்கத்தில் குனிந்தபடியே இருப்பவன் நான். இருபது வருடத்துக்கு மேலாக ஸ்கோர் ஷீட் எழுதுகிறேன். மே மாத வெயிலில் பள்ளி மைதானத்திலும் எழுதியிருக்கிறேன், பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கத்திலும் எழுதியிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறீர்கள். எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அதை மட்டும் நம்பி ஆள் எடுக்காதீர்கள்.

அந்தத் தாளில் ஒரு ஆட்டக்காரருக்கு என்ன இருக்கிறது? பெயர், எண், உள்ளே இறங்கினார் என்பதற்கு ஒரு பெருக்கல் குறி, ஃபவுலுக்கு 5 கட்டம். பாஸ்கெட் போட்டால் பக்கத்து ஸ்கோர் வரிசையில் அவர் எண் ஏறும். முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலம். அவ்வளவுதான். ரீபவுண்டுக்கு, அதாவது பாஸ்கெட்டில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு, கட்டம் இல்லை. எதிராளியை உடம்பால் மறித்துக் கூட்டாளிக்கு வழிவிட்டு ஸ்க்ரீன் போட்டவனுக்கு இல்லை. இடித்துக்கொண்டு வருபவன் முன்னால் நெஞ்சைக் காட்டி நின்று சார்ஜ் வாங்கினால், இடித்தவன் வரிசையில் ஃபவுல் ஏறும். கீழே விழுந்து முட்டி தேய்ந்தவன் வரிசையில் நான் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன், விதி அப்படி. பாஸ்கெட் போடாத பையனின் பெயரில் கடைசியில் மிஞ்சுவது அவன் செய்த ஃபவுல்கள் மட்டும்தான்.

ஒரு பையன். பெயர் வேண்டாம், ஜெர்சி எண் 9. அரையிறுதியில் அவன் அணி 7 புள்ளி பின்தங்கியிருந்தபோது சப்பாக, அதாவது மாற்று ஆட்டக்காரனாக, இறங்கினான். எதிரணியில் உயரமான ஒருவன், ஒவ்வொரு ரீபவுண்டையும் தேங்காய் பறிப்பதுபோல் பறித்துக்கொண்டிருந்தான். 9 செய்தது ஒன்றே ஒன்று. பந்து ரிங்கில் படும்போதெல்லாம் திரும்பி, தன் இடுப்பை அந்த உயரமானவன் தொடையில் முட்டுக்கொடுத்து, பந்துப் பக்கம் வரவிடாமல் பாக்ஸ் அவுட் செய்தான். 9-இன் கையில் பந்தே வரவில்லை. பின்னால் தரையில் குதித்த பந்தைக் கூட்டாளிகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். 9 வெளியே வந்தபோது அணி 2 புள்ளி முன்னால் இருந்தது. தாளில் அவன் கணக்கு: 0 புள்ளி, 3 ஃபவுல். அடுத்த மாதம் ஓர் அணி ஆள் எடுக்க நடத்திய ட்ரையல்ஸில் அதே தாளைப் புரட்டிய ஒருவர், "இவன் ஸ்கோர் பண்ணலியே" என்று என் காதுபடவே சொன்னார்.

சரி, ட்ரையல்ஸ் பற்றியும் பேசிவிடலாம். முன்பின் தெரியாத பத்துப் பேரை ஐந்தைந்தாகப் பிரித்து விளையாடவிட்டால் எவன் பாஸ் கொடுப்பான்? பாஸ் கொடுத்தவன் வீட்டுக்குப் போவான் என்று எல்லாருக்கும் தெரியும். 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நைஸ்மித் எழுதிய 13 விதிகளில், பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று ஒன்று உண்டு. பாஸ் கொடுக்கவே பிறந்த ஆட்டம் இது. நம் ட்ரையல்ஸை அவர் பார்த்திருந்தால் விசிலை ஊதிக்கொண்டே இருந்திருப்பார்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஷேன் பாட்டியே என்று ஒருவர் இருந்தார். 2001-இல் வந்து 2014-இல் ஓய்வு பெற்றார். ஆட்டத்துக்குச் சராசரி 8.6 புள்ளி, நம் மேஜைக் கணக்கில் சுமார் ரகம். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அணி முன்னேறுவதையும் வெளியே போனால் சறுக்குவதையும் அவர் ஆடிய ஹூஸ்டன் அணியின் நிர்வாகம் தனியே கணக்குப் போட்டு வைத்திருந்தது. எதிரணி நட்சத்திரம் கோபி பிரயன்ட் ஷூட் செய்ய எழும்பும்போது பாட்டியே பந்தைத் தட்டப் போக மாட்டார். உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே விரிப்பார், அவ்வளவுதான். அந்தக் கைக்கு எந்த ஸ்கோர் ஷீட்டில் கட்டம் இருக்கிறது? அப்புறம் 2013 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், மயாமி அணிக்காக மூன்று புள்ளி பாஸ்கெட் ஆறு போட்டார். அதற்கு முந்தைய சுற்றில் ஓர் ஆட்டம் முழுக்க அவரைப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

அதே லீக்கில் ஆடிய ராபர்ட் ஹாரி கதை இன்னும் விசேஷம். நட்சத்திரங்களைப் பொறுக்கி எடுத்து ஆடவிடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வானதில்லை, சராசரி 7 புள்ளி. மூன்று அணிகளோடு 7 சாம்பியன் பட்டம். யுடோனிஸ் ஹாஸ்லமை, அந்த லீக்கின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2002 டிராஃப்டில், யாரும் எடுக்கவில்லை. பிரான்ஸுக்குப் போய் ஒரு வருடம் ஆடிவிட்டு வந்து, ஒரே அணியில் 20 சீசன் இருந்தார்.

அமெரிக்காவில் கோடிக் கணக்கில் பணம், ஆள் வைத்துக் கணக்கெடுப்பார்கள், நமக்கு எதற்கு என்பீர்கள். நமக்குத்தான் இன்னும் அவசியம். இங்கே இந்த ஆட்டத்தில் பிழைப்பு என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். ரயில்வே, வங்கி, போலீஸ், ஏதோ ஒன்றில் நுழைந்துவிட்டால் காலையில் பிராக்டீஸ், மதியம் ஆபீஸ், முப்பத்தைந்து வயதுக்கு மேல் முழுநேர ஆபீஸ். ஒரு குடும்பம் கரையேறும். அந்த இடங்களும் கைவிரலில் எண்ணும் அளவுதான். ஹாஸ்லமுக்கு பிரான்ஸ் இருந்தது. பெரம்பூர்ப் பையனுக்கு ட்ரையல்ஸ் தவறினால் அடுத்த வாரம் டெலிவரி வண்டிதான்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு நோட்டு, ஒரு ஆள். யாராவது சப்பாக இறங்கும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது என்ன என்று குறித்தால் போதும். ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, எதிரே ஆடுவது யார் என்பதைப் பொறுத்து மாறும், ஒப்புக்கொள்கிறேன். பத்து ஆட்டம் எழுதிப் பாருங்கள். அப்புறம் ட்ரையல்ஸில் கடைசி ஒரு மணி நேரமாவது, ஏற்கெனவே சேர்ந்து ஆடியவர்களை ஒரே பக்கம் போட்டு ஆடவிடுங்கள்.

ஆள் இல்லை என்றால் நானே வருகிறேன், பேட்டா வேண்டாம். சிவப்பு, நீலத்தோடு மூன்றாவதாகப் பச்சைப் பேனா ஒன்றும் கொண்டுவருகிறேன். பச்சை மை கெஜட்டட் ஆபீசருக்குத்தான் என்பார்கள். ஜெர்சி எண் 9-க்காக ஒருநாள் எழுதினால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேஜைக்காரன்,
பெரம்பூர்