மறதி நோயருக்கு இயற்கை ஒலி தரும் ஆறுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மாலை மங்கும் வேளையில் இவர்களில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் மிகுவதை, உடனிருந்து பேணுவோர் நன்கறிவர்.

காவிரிக் கரைச் சிற்றூரில் வளர்ந்த என் தாயார், சென்னை அடுக்குமாடி வீட்டில் அந்தி சாய்ந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசற்கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வாய்க்காலில் நீரோடும் ஓசையையும் குயிலின் கூவலையும் கைப்பேசியில் மெல்ல ஒலிக்கவிட்டு அருகில் அமர்ந்தால், சிறிது நேரத்தில் இறுகிய கைகள் தளர்ந்து, "மடை திறந்துட்டாங்களா?" என்று கேட்பார், அந்தக் கேள்வியில் என் பழைய அம்மாவைக் காண்கிறேன். இடியோசையோ அவரை அஞ்சி நடுங்கச் செய்தது. ஆகவே, அவரவர் வாழ்ந்த மண்ணின் ஒலியைத் தேர்ந்து, முகக்குறிப்பைக் கவனித்து, கலக்கம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். செவித்திறனையும் முன்னதாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

இது நோயைக் குணப்படுத்தாது. மருத்துவருக்கு மாற்றும் ஆகாது. எனினும், முதியோர் இல்லங்களின் கூடத்தில் நாள் முழுவதும் அலறும் தொலைக்காட்சிக்கு மாலையில் ஒரு மணி நேரமாவது ஓய்வளித்து, இயன்றால் மரத்தடியில் பறவையொலி கேட்க முதியோரை அமர்த்துமாறு நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், சென்னை