இடது கையைக் கேட்காத பெட்டி

ஐம்பது வருடமாக மேடைப் பாட்டுக் கட்டிப் பாடிவரும் எங்கள் ஐயாவின் புதிய பாடல்களைப் பதிவு செய்து முடித்துவிட்டோம். எல்லாமே இந்த வருடம் கட்டியவை. பழைய மேடைப் பாட்டைத் தூசி தட்டி எடுத்தது என்று ஒன்றுகூட இதில் கிடையாது. ஐயாவுக்கு இடது கை ஓய்ந்து, இடது காலும் பேச்சும் தடுமாறியபோது எவ்வளவு பயந்தோம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் மறுபடி போகவில்லை. உதவியவர்களில் பாதிப் பேரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

ஆனாலும் இந்த மடலில் பெரும்பங்கு ஒருவருக்குத்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு (ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் மேடை நாடகம்) காலமெல்லாம் ஆர்மோனியம் வாசித்தவர். பெயர் போடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பெட்டிக்கார அண்ணன் என்றே எழுதுகிறோம்.

ஐயா பாட்டுக் கட்டுவது ஆர்மோனியப் பெட்டியில்தான். தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மெட்டுத் தேடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. விரல் ஒரு சுரத்தில் போய் நிற்கும், அங்கே ஒரு சொல் வந்து விழும். வீட்டில் வைத்திருக்கும் சாதாப் பெட்டியில் வலது கை கட்டையில், இடது கை துருத்தியில். இடது கை ஓய்ந்துவிட்டால், வலது கை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பெட்டி ஊமை. எங்கள் எல்லோருக்கும் உடனே தோன்றியது எலக்ட்ரானிக் கீபோர்டு. நண்பர்கள் வாங்கியும் அனுப்பினார்கள் (அவர்களுக்கும் நன்றி, கோரஸ் ஒத்திகை முழுக்க அதில்தான் நடந்தது). ஐயாவுக்கு அது ஒட்டவில்லை. காற்றைக் கூட்டிக் குறைத்து ஒரே சுரத்தை வீங்கவும் தணியவும் வைத்துத்தான் அவர் சொல்லுக்கு இடம் தேடுவார். எங்களிடம் இருந்த கீபோர்டில் கட்டையை அழுத்திவிட்டால் அதன்பின் ஒலியை அப்படி வளைக்க வழியில்லை.

பெட்டிக்கார அண்ணன் யாரும் கூப்பிடாமலே வந்தார். கூடவே ஒரு லோடு ஆட்டோவில் காலால் மிதிக்கும் பெட்டி. நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் விடிய விடிய வாசிக்க வேண்டும், பின்பாட்டும் பாட வேண்டும், கட்டையில் இரண்டு கையும் ஓட வேண்டும். அதனால் காற்றைக் காலிடம் விட்டுவிட்ட பெட்டி அது. இப்படி ஒன்று இருப்பது எங்களுக்கும் தெரியும். ஐயாவுக்கு அது பொருந்தும் என்று அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது.

கொண்டுவந்ததும் வேலை முடியவில்லை. மிதி இரண்டு, மாறி மாறி மிதிக்க வேண்டும். ஐயாவுக்கு வலது கால் மட்டும்தான் நம்பிக்கையாக வரும். ஒரு காலில் பாதிக் காற்றுதான் ஏறும். அடுத்த மிதி வருவதற்குள் சுரம் தொய்ந்துவிடும். மிதிகளின் வாரை அவிழ்த்துக் கட்டுவது, ஸ்பிரிங்கை மாற்றுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் காற்று உள்ளே வருகிற பக்கத்தை விட்டுவிட்டு, செலவாகிற பக்கத்தைப் பார்த்தார். பெட்டியில் ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு) இரண்டு வரிசை: கீழொலிக்கு பாஸ், அதற்கு மேலான ஒலிக்கு ‘மேல்’ (male). ஸ்டாப்பரைத் தள்ளி பாஸ் வரிசையை மூடினார். ஒரு கட்டைக்கு இரண்டு ரீடு குடித்த காற்றை இனி ஒரு ரீடுதான் குடிக்கும். ஒத்துக்கான (விடாமல் ஒலிக்கும் ஆதாரச் சுரம்) குமிழையும் அடைத்தார்.

அடுத்தது கசிவு. கட்டை எதையும் தொடாமல் துருத்தியை நிரப்பிவிட்டு, அது தானாக எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தார். சட்டென்று இறங்கியது. ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாகவே கொண்டுபோனார். புகை எங்கே பக்கவாட்டில் விசிறுகிறதோ அங்கே ஓட்டை. துருத்தி மடிப்பின் மூலைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டினார். மூடியிருந்தும் லேசாக முனகிக்கொண்டிருந்த இரண்டு கட்டைகளுக்கு அடியில் தோல் விறைத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினார். இவ்வளவும் செய்தபின் வலது காலால் ஒரு முழு மிதி மிதித்தால், மிதமான ஒலியில் ஆறேழு நொடி காற்று நின்றது.

ஒரு ரீடு பேசவில்லை. எங்களில் ஒருவர் அதைக் கழற்றிச் சுரண்டலாமா என்று கேட்டதும் அண்ணன் முறைத்தார். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணி அடித்த பக்கம் சுரண்டினால் இறங்கும், சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட யாராலும் ஆகாது. பேசாத ரீடில் முக்கால்வாசி தூசிதான். நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தாளை விட்டு இழுத்தார், பேசியது.

இதையெல்லாம்விடப் பெரிய உதவி, அவர் ஐயாவைப் பாடச் சொல்லாதது. பாடச் சொன்னால் ஐயா பழைய ஒன்றரைக் கட்டைச் சுருதியை (C#) எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், கிடைக்காது, மனசு விட்டுவிடும். அண்ணன் ஊர்க்கதை பேசவிட்டார். வள்ளி திருமணம் நாடகத்தில் எந்த ஊரில் எந்த நாரதர் யாரை மடக்கினார் என்று பேச்சு ஓட, நடுநடுவே ஒவ்வொரு கட்டையாக மெல்ல அழுத்தி வைத்தார். பேச்சு எந்தக் கட்டையில் வந்து உட்காருகிறது என்று காதால் பார்த்துவிட்டு, “ஆறுல வச்சுக்கங்கய்யா” என்றார். ஒன்றரையிலிருந்து கீழ் ஸ்தாயி ஆறுக்கு (A) என்றால் நான்கு சுரஸ்தானம் கீழே. ஐயா மறுபேச்சுப் பேசவில்லை.

அண்ணன் காட்டிக் கொடுத்த அந்த இடத்திலிருந்துதான் புதுப் பாட்டுகள் வந்தன. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், ஒலி மட்டும் இறங்கும். பெட்டியில் அந்தச் சலுகை கிடையாது. ஒன்றரைக் கட்டையில் சங்கராபரணம் வாசித்தால் ஐந்து கறுப்பு, இரண்டு வெள்ளை. ஆறு கட்டையில் அதே ராகம் மூன்று கறுப்பு, நான்கு வெள்ளை. காலமெல்லாம் பழகிய விரல் தானாகப் போகும் இடமெல்லாம் இப்போது தப்பு. நிதானித்து, தேடித்தான் வைக்க வேண்டும். பழைய மெட்டுகள் விரலிலிருந்து உதிர்ந்துபோனது இப்படித்தான் என்பது எங்கள் கணிப்பு. வயதான கலைஞர்களுக்குச் சுருதி இறக்கித் தருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பழைய பாட்டைப் பாடவைக்க டிரான்ஸ்போஸ் போதும், புதுசு வர வேண்டுமென்றால் விரலுக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கட்டும்.

கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செலின் கதையை எங்களுக்கு ஒரு நண்பர் எடுத்துச் சொன்னார். அவருக்கு ஒன்பது வயதில் போலியோ. இடது கை பலவீனமானதால் கிதாரின் தந்திகளையே வேறு வேறு சுருதிக்கு மாற்றிக்கட்டி, எளிய விரல்பிடியில் யாரும் கேட்டிராத ஒலிக்கூட்டுகளை எடுத்தார். அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதிக்கட்டுகள். இளமையில் எழுதிய பாட்டை 2000-இல் தாழ்ந்துபோன குரலில், பெரிய வாத்தியக் குழுவோடு மறுபடி பாடியபோது அந்தக் குரலுக்கென்று ஒரு கனம் இருந்தது. 2015-இல் மூளை ரத்தக்குழாய் வெடிப்பு. தன் பழைய வீடியோக்களைப் பார்த்து விரல் வைக்கும் இடங்களைத் திரும்பக் கற்று, 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் கிதார் வாசித்தார். வயது 78. அண்ணனுக்கு இதைச் சொன்னோம். “தந்தியத்தான மாத்துனாங்க, கைய இல்லியே” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பாட்டின் அமைப்பும் மாறியது. மிதித்துக்கொண்டே பாடினால் ஒவ்வொரு மிதிக்கும் அடிவயிறு குலுங்கி, குரலில் ஒரு தேவையில்லாத அழுத்தம் விழுந்தது. பாட்டின் அடி முடிகிற இடத்தில் மிதிப்பது, அடிக்குள் மிதிப்பதில்லை என்று ஐயா வைத்துக்கொண்டார். அப்படியானால் ஓர் அடி துருத்தியின் ஆறேழு நொடிக்குள் முடிந்தாக வேண்டும். ஐயாவின் மூச்சும் இப்போது ஏறத்தாழ அவ்வளவுதான். நிமிடத்துக்கு 72 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று போனால் ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று) ஏழு நொடிக்குக் கொஞ்சம் குறைவு, சரியாக உள்ளே அடங்கும். எண்சீரில் முழங்கியவர் நாற்சீருக்கு வந்தார். அடியை நெடிலில் முடித்தால் இழுத்துப் பிடிக்கக் காற்று வேண்டும், அதைத் தவிர்த்தார். ‘ம்’, ‘ன்’ என்று மூக்கொலியில் முடிகிற சொற்களாக எடுத்தார், சின்ன மூச்சிலேயே முனகி நிறுத்திவிடலாம். கூட்டத்தைப் பார்த்துப் பேசிய பாட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளிடம் பேசுகிறதாக ஆகிவிட்டது. அவர் ஐம்பது வருடமாகக் கட்டியவற்றில் இவைதான் சிறந்தவை என்று எங்களுக்குப் படுகிறது. பிரியத்தில் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

பதிவைப் பற்றியும் கொஞ்சம். இதே நிலையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. கனடியப் பாடகர் லெனர்ட் கோஹனின் 2016 ஆல்பத்துக்கான குரல், லாஸ் ஏஞ்சலிஸில் அவர் வீட்டிலேயே, மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்தபடி பதிவானது. தயாரித்தவர் அவர் மகன். இங்கே சிக்கல், பெட்டி சத்தம், குரல் மென்மை. முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்கை வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில், கொஞ்சம் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து, அதன் முதுகு பெட்டியைப் பார்க்கும்படி வையுங்கள். இன்னும் நெருங்கினால் கீழொலி குவிந்து சொல் மங்கும். அடியிரைச்சலை வெட்ட 100 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போடுவது பலருக்குப் பழக்கம். ஆறு கட்டையில் ஷட்ஜம் (ச) 110 ஹெர்ட்ஸ், மந்திரப் பஞ்சமம் (கீழே இருக்கும் ‘ப’) 82. நூறில் வெட்டினால் அந்தப் பஞ்சமம் மெலிந்துவிடும், 60-க்கு மேல் போகாதீர்கள்.

மிதியின் கிரீச்சுக்கு அச்சில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். மிதி தரையில் தட்டும் ஓசைக்கு அண்ணன் சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டினார், மேலேயும் ஒரு துண்டு ஒட்டினார், கால் வழுக்காமல் இருக்க. மைக் ஸ்டாண்டும் பெட்டியும் ஒரே ஜமுக்காளத்தில் நிற்கக் கூடாது, அதிர்வு தரை வழியாக ஏறிவிடும். தம்புரா ஆப்பை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்துவிட்டுப் பெட்டியோடு சேர்த்தபோது ஒலி அலையடித்தது, பெட்டி ஐந்து சென்ட் (ஒரு சுரஸ்தானத்தில் நூறில் ஐந்து பங்கு) கூடுதல். ஆப்பில் அந்த ஐந்தை ஏற்றிக்கொண்டோம். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் போடவில்லை. ஐயா சுரத்துக்குக் கீழிருந்து ஏறிவருகிற அந்த வழுக்கலைத் தவறு என்று நினைத்து அது நிமிர்த்திவிடும்.

மற்றவர்களுக்கெல்லாம் இங்கேயே சேர்த்து நன்றி. ‘ழ’வையும் ‘ற’வையும் பொறுமையாக மீட்டுக் கொடுத்த பேச்சுப் பயிற்சியாளர் அக்கா, பிசியோதெரபி தம்பி, தபேலாவில் உள்ளங்கைச் சத்தம் வராமல் விரல் நுனியால் மட்டும் வாசித்தவர், பதிவு நேரத்தில் தண்ணீர் மோட்டார் போடாமல் காத்திருந்த தெருக்காரர்கள், பழைய கேசட்டுகளை ஹெட் கோணம் திருத்தி டிஜிட்டலாக மாற்றி அனுப்பியவர்கள், நூறு ரூபாய் முதல் அனுப்பிய எல்லோரும். கணக்கு விவரம் தனியாக வரும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அண்ணனைக் கூப்பிட்டோம். ஐயாவுக்கு வேறு பெட்டி தயாராகிறது என்றும் சொன்னோம். அவர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “எங்கிட்டாச்சும் ஒருத்தருக்குக் கை வராமக் கெடக்கும். அங்க அனுப்புங்க.” அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு கையோடு பாட்டுக் கட்டுகிறவர், கட்ட நினைக்கிறவர் யாராக இருந்தாலும் கேட்கலாம், வயது வரம்பு கிடையாது, வண்டிக் கூலி எங்கள் பொறுப்பு. தினமும் கொஞ்ச நேரமாவது மிதித்து வாசிக்க வேண்டும், சும்மா கிடந்தால் துருத்தித் தோல் விறைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வைக்காதீர்கள், எலி இருக்கிற வீடென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூடி செய்து அனுப்புகிறோம். ரீடு எதுவும் பேசவில்லையென்றால் தாளை விட்டு இழுங்கள். அதற்கும் பேசாவிட்டால் கூப்பிடுங்கள், அண்ணன் வருவார்.

இப்படிக்கு,
பதிவுக் குழுவினர்