சீனி வருத்தக்காரரின் செருப்பையும் ஒருதடவை கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையில் நிலம் எப்படிக் கொதிக்கும் என்று ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தியான நேரம் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்கு நிழல் தாவி ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஓடுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுடுகிறது, ஓடுகிறார்கள். அதே வெயிலில் ஆறுதலாக நடந்துபோகிற வயதானவர்கள் சிலர் இருக்கிறார்களே, அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சிலருக்கு அது பக்தி. சிலருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கால் மரத்துப்போனதால் சூடே தெரிவதில்லை.

நான் உப்புவெளியில் வீட்டோடு இருந்து தையல் தைக்கிறேன். மிதி மெஷின்தான். போன வருடம் பாடசாலைச் சீருடைகள் குவிந்து கிடந்த நேரம், மிதிபலகை கொஞ்சம் வழுக்கியது. மெஷின் எண்ணெய்தான் சிந்தியிருக்கும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். டியூஷன் விட்டு வந்த பேத்திதான் "அம்மம்மா, ரத்தம்!" என்று கத்தினாள். முறிந்த மெஷின் ஊசியின் துண்டு ஒன்று பெருவிரலுக்குக் கீழே ஏறி நின்றது. எப்போது ஏறியதோ தெரியாது. வலி என்பது துளிகூட இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயும் அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. பக்கத்து விரல் ஒன்றையும் கொண்டுபோய்விட்டது.

பல வருடம் சீனி கூடியே இருந்தால் நரம்புகள் கெட்டுப்போகும், உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவதால் முதல் அடி அங்கேதான் என்று டொக்டர் விளக்கினார். அதோடு காலுக்கு வரும் ரத்தவோட்டமும் குறைந்துவிடுவதால் புண் ஆறுவதில்லை. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களுக்கும் இதே கதிதானாம். எனக்குக் கண்ணில் லேசர் வைத்தாயிற்று. ஊசியில் நூல் கோர்ப்பது இப்போது பேத்தியின் வேலை. தோள் இறுகிக் கை மேலே தூக்க முடியாமல் போனதைத் தையலால் வந்தது என்று நினைத்திருந்தேன். சீனி உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம் வருமாம். சரி, அதெல்லாம் எப்படியோ சமாளிக்கிறேன். காலுக்கு வருவோம்.

இத்தனை வருடமாகக் கிளினிக் போகிறேன். கொப்பியைப் பார்ப்பார்கள், வெறும் வயிற்றுச் சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்பார்கள், குளிசை எழுதுவார்கள், அடுத்த ஆள். ஊசி ஏறும்வரை என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களைக் குற்றம் சொல்லவில்லை. விடியமுன்னமே நம்பர் எடுக்க வந்து நிற்கிற சனத்தைப் பார்த்தால் அவர்கள் மூச்சு விடுவதே பெரிய காரியம்.

ஆனால் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அதிக நேரம் எடுக்காது. புண்ணுக்கு மருந்து கட்டப் போன இடத்தில் ஒரு மிஸ்ஸி (தாதி) எனக்குச் செய்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன்பிடிக்கிற தங்கூசி மாதிரி ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழையாம். "தொடுறது தெரிஞ்சா சொல்லுங்கோ அம்மா" என்றார். நான் அவர் இன்னும் தொடங்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு காலை முடித்து மற்றக் காலில் நிற்கிறார்.

சீனி உள்ள ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருதடவையாவது இது செய்யப்பட வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சிறிய கிளினிக்குகளிலும்கூட ஒரு மேசை, ஒரு நாற்காலி, அந்த இழை, இவ்வளவும் இருந்தால் நடக்கக்கூடிய வேலைதான். சுகாதாரப் பகுதியினர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கோயில் பரிபாலன சபைகளுக்கு. வெயில் காலத்தில் வீதியிலே தும்புப் பாய் விரித்துத் தண்ணீர் தெளித்துவிடலாம். நடக்கிற பாதைக்கு மட்டும் வெள்ளைப் பூச்சு அடித்தாலும் சூடு குறையும். அதுவும் முடியாதென்றால், துணிக் காலுறை போட்டு வருகிறவர்களை மறிக்காமல் விட்டாலே பெரிய புண்ணியம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவை ஒரு கோயில் வாசலில் அதைக் கழற்றச் சொல்லி நிற்பாட்டினார்களாம். துணிக்கு என்ன தீட்டு? சுவாமிக்குச் சாத்துவதும் துணிதானே. (தீமிதிப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது நேர்த்தி. இறங்கமுன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவ்வளவுதான்.)

கால் விறைக்கிறது என்று வீட்டில் சுடுதண்ணீரில் கால் ஊறவைப்பவர்களை நினைத்தாலும் எனக்குப் பயம். கன்னியா வெந்நீர்க் கிணறு தன் சூட்டைத் தாண்டாது, அடுப்பில் இருந்து இறக்கிய பானை தாண்டும். வீட்டில் கையில் உணர்ச்சி சரியாக உள்ள யாரையாவது தண்ணீரில் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலுறையை நானே சிலருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். தைக்கத் தெரிந்தவர்களுக்காக முறையையும் சொல்கிறேன். பருத்தித் துணி, வெள்ளையாக இருந்தால் நல்லது, காயம் பட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கால் பக்கம் மூன்று மடிப்பு வையுங்கள். தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரவேண்டும். உள்ளே ஒரு நூல் முடிச்சு இருந்தாலும் அது உரசிப் புண்ணாக்கிவிடும். மேலே இலாஸ்டிக் போடவேண்டாம், இறுக்கும். நாடா வைத்துத் தளரக் கட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
உப்புவெளி, திருகோணமலை.