படிவத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: ஆய்வு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனை வார்டில் ஆட்களும் கணினியும் சேர்ந்து எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராய நிதி கேட்ட எங்கள் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல் முறை கணினி அறிவியல் மதிப்பீட்டாளர்கள், இதில் புதிய நிரல் எதுவும் இல்லை என்றார்கள். சமூக அறிவியல் பக்கம் அனுப்பினோம். இது கருவியைப் பற்றிய ஆய்வு, கணினித் துறைக்கு அனுப்பவும் என்று குறிப்பு வந்தது. இந்த முறை அதுகூட இல்லை, "துறை பொருந்தவில்லை" என்று ஒரு வரி மட்டும். பின்னணி முழுவதும் உங்கள் கோப்பில் இருக்கிறது, மறுபடி விளக்கப்போவதில்லை. இந்த 14 மாதங்களில் நாங்கள் எதை இழந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் மாணவி ஒரு மருத்துவமனை வார்டில் ஐந்து மாதம் இரவு நேரங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஷிஃப்ட் மாறும்போது நர்ஸ்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள், அதில் எவ்வளவு கணினிப் பதிவேட்டுக்குள் போகிறது, எது போகாமல் வெளியே நின்றுவிடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. "மூணாவது படுக்கையில இருக்கிறவர் வலியே இல்லைன்னுதான் சொல்வார், நீங்க முகத்தைப் பாருங்க" என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுக் கிளம்புவார். வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண்ணைக் கேட்கும் திரையில் இதை எழுத இடம் கிடையாது. அதனால் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பார்கள். விடிந்ததும் அந்தக் காகிதம் குப்பைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட காகிதங்களை, எழுதியவர்களிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொன்றாகப் படியெடுத்து வைத்திருக்கிறார்.

அந்த வார்டுக்குப் புதிய மென்பொருள் வரவிருந்தது. அது வந்த முதல் சில வாரங்களைக் கவனிப்பதற்குத்தான் நிதி கேட்டோம். ஆட்கள் தடுமாறி, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, குறுக்குவழி கண்டுபிடிக்கும் வாரங்கள் அவை. அப்புறம் எல்லாம் கைக்குப் பழகிவிடும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. எங்கள் கோப்பு இரண்டு குழுக்களுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தபோது மென்பொருள் மாறி முடிந்துவிட்டது. மாணவியின் கையில் மாற்றத்துக்கு முந்தைய குறிப்புகள் மட்டும் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க மறுபாதி இல்லை, இனி கிடைக்கவும் கிடைக்காது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. படிவத்தில் "துறை" என்ற கட்டத்துக்குக் கீழே, இரண்டாவது துறையை எழுத இன்னொரு கட்டம் வையுங்கள். அதையும் நிரப்பியவர்களின் விண்ணப்பத்தை இரு துறை மதிப்பீட்டாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கட்டும்.

ஆட்களையும் கருவியையும் சேர்த்துப் பார்ப்பது நேற்று முளைத்த ஆய்வுமுறை அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா? பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1951இல் எழுதினார்கள். சிறு குழுவாகச் சேர்ந்து வெட்டிப் பழகியவர்களை, இயந்திரத்தோடு வந்த புதிய முறை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப்போட்டது. வேலையும் கெட்டது, மனிதர்களும் சோர்ந்தார்கள். பாம்ஃபோர்த் தாமே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உங்கள் படிவத்தில் அவர் எந்தத் துறையை எழுதுவார்?

1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரத்தை இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து இயக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். படிப்படியாக வழிகாட்டும் உதவி நிரல் ஒன்று அதில் இருந்தது. இருவரும் இதுவா, அதுவா என்று பேசிப் பேசிக் குழம்பினார்கள். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட இயந்திரத்துக்கு எட்டவில்லை. பொத்தானை அமுக்கியது போன்ற சில செயல்கள்தான் அதற்குத் தெரிந்தன. ஆள் தவறான வழியில் போகும்போதும், எல்லாம் சரியாக நடப்பதாக எடுத்துக்கொண்டு அடுத்த குறிப்பைக் காட்டியது. சச்மன் இதை ஓர் அட்டவணையில் நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார்: இயந்திரத்துக்கு எட்டாத மனிதச் செயல்கள், எட்டியவை, இயந்திரம் மனிதருக்குக் காட்டியவை, அதை அப்படி வடிவமைத்ததன் காரணம். நிரலை மட்டும் படிப்பவருக்குக் கடைசி இரண்டும், பேச்சை மட்டும் படிப்பவருக்கு முதலாவதும் கிடைக்கும். கோளாறு இருந்தது இவற்றுக்கு நடுவில்.

அந்த நடுவைப் பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1992 அக்டோபரில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்புவதற்கான புதிய கணினி முறைக்கு மாறி, இரண்டே நாளில் திணறியது. கணினி அமைப்பும் தயாராக இல்லை, அதைப் பயன்படுத்துவோரும் தயாராக இல்லை என்றது விசாரணை அறிக்கை.

துறைகளைக் கடந்த ஆய்வு வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பதவி உயர்வு தரும்போதும், ஆய்வேட்டுக்குத் தேர்வாளரைத் தேடும்போதும் ஒரே துறையைத்தான் கேட்கிறார்கள். என் மாணவி நாளை வேலைக்கு விண்ணப்பித்தால் அங்கேயும் இதே பதில்தான் வருமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. சரி, அதையெல்லாம் நீங்கள் மட்டும் மாற்ற முடியாது. படிவத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

அதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு இன்னும் பழைய முறையில்தான் நடக்கிறது. எட்டு மாதத்தில் அதுவும் மாறும் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே முதலிலிருந்து குறிப்பெடுக்க என் மாணவி தயாராக இருக்கிறார். அந்த இன்னொரு கட்டத்தை அடுத்த விண்ணப்ப அறிவிப்பிலேயே சேர்த்து, எங்கள் விண்ணப்பத்தை இரு துறையினரும் சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு நெறியாளர்