பதறாதேன்னு சொல்றவங்க கொஞ்சம் டைமும் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திடீர்னு வேலை போயிடுச்சு, வீட்ல ஒருத்தருக்கு உடம்பு முடியாம படுத்துட்டாங்கன்னு யாராவது சொன்னா நாம உடனே சொல்றது "டென்ஷன் ஆகாதீங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்". நல்ல மனசோடதான் சொல்றோம், ஆனா அந்த நேரத்துல அட்ரினலின்ங்கற பதட்ட ஹார்மோன் ஏறி நெஞ்சு படபடன்னு அடிச்சிட்டு, ஒரே வரியவே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கறவங்க காதுல அது ஏறவே ஏறாது.

என் பக்கத்து சீட்ல இருந்தவருக்கு ஒருநாள் மத்தியானம் மெயில் வந்துச்சு, அவரோட டிபார்ட்மெண்ட்டையே மூடுறாங்கன்னு. கோவமா பதில் அடிக்க ஆரம்பிச்சவரு பாதியில நிறுத்திட்டு எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தாரு. சாயங்காலம் ராஜினாமா லெட்டர நீட்டி இப்பவே கையெழுத்து போடுங்கன்னாங்க. "இந்த லெட்டரோட காப்பி ஒண்ணு குடுங்க சார், படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்"னாரு. குரல் நடுங்குச்சு, ஆனா கையெழுத்து போடல. நாமளா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா, அவங்க வேலைய விட்டு எடுத்தா கிடைக்க வேண்டிய நஷ்டஈடு நிறைய இடத்துல கைவிட்டுப் போயிடும், பதட்டத்துல யாருக்கு அது ஞாபகம் வரும்? பயத்தோட பயமா அவர் கேட்டு வாங்குன அந்த ஒரு ராத்திரிய நான் ரொம்ப பெருசா நினைக்கிறேன்.

1967ல தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹேன்னு ரெண்டு அமெரிக்க மனநல டாக்டருங்க வாழ்க்கையில வர்ற 43 மாற்றங்கள் ஒவ்வொண்ணும் நமக்கு எவ்ளோ பாரம்னு மார்க் போட்டாங்க. கணவனோ மனைவியோ இறந்தா 100, வேலைய விட்டுத் தூக்குனா 47, ஆனா சந்தோஷமா நடக்குற கல்யாணத்துக்கே 50! ஒரு வருஷத்துல வந்ததையெல்லாம் கூட்டித்தான் எவ்ளோ பாரம்னு பாக்குறாங்க. அதனால ஒரு அடி விழுந்த கையோட வீட்ட மாத்துறேன், புதுசா தொழில் தொடங்குறேன்னு நாமளே இன்னொன்ன இழுத்து மேல போட்டுக்காம இருக்கறது நல்லது. தூங்குற நேரம், சாப்பிடுற நேரம், சாயங்கால நடைன்னு பழகுனத அப்படியே விட்டு வைங்க, மனசு பிடிச்சு நிக்க ஏதாவது ஒண்ணு மாறாம இருக்கணும்.

ஆளக் குறைக்கணும்னு முடிவெடுக்க நிர்வாகத்துக்கு எத்தனையோ மீட்டிங் தேவைப்படுது, ஆனா அந்த முடிவக் கேக்குறவங்களுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம்தானா? மெயில்ல சொல்லாம நேர்ல கூப்பிட்டுச் சொல்லுங்க, அன்னைக்கே எதுலயும் கையெழுத்து கேக்காதீங்க. மேனேஜர் சீட்ல இருக்கற உங்க வாசகர்கள் இத மட்டுமாவது செய்யணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி